புதன்கிழமைக் கேப்டன்

அனுமதி கேட்டு எந்தப் படையும் எந்தப் போரையும் வென்றதாகச் சரித்திரம் இல்லை. வெஸ்ட்ஃபால் ஊர்ப் படைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக முழுநேர வேலையில் இருக்கும் சார்ஜென்ட் ஆர்லன், இந்த உண்மையைத் தினமும் காலைக் காப்பியோடு அறிவிப்பார். வடக்கு டகோட்டா மாநிலம் இன்னும் நிலைத்து நிற்பதற்கு அவர் யாரையும் கேட்காமல் காரியம் செய்வதுதான் காரணம் என்பது அந்த அறிவிப்பின் பின்பாதி.

சேமப்படை என்பது மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மட்டும் உயிர்பெறும் பிராணி. அந்த இரண்டு நாளும் தொண்ணூறு பேர் சீருடையில் வந்து நிற்பார்கள். மற்ற நாட்களில் அதற்குத் தீனி போட மூன்று முழுநேர ஆட்கள்: ஆர்லன், அலுவலகம் பார்க்கும் மார்லிஸ், லாரி ஓட்டும் கோல்பி. மூவருக்கும் மேலதிகாரி அறுபது மைல் தள்ளியிருந்த லெப்டினன்ட் ஓஸ்ட்பி என்ற பெண், வயது இருபத்தாறு. வேலை நேரத்தில் படைக்கூடத்து வேலையைத் தவிர வேறு எதற்குப் போவதானாலும் முன்கூட்டியே அவரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

மார்லிஸ் கேட்பாள். பல் டாக்டரிடம் போவதற்கும் கேட்பாள், தபால் நிலையத்துக்குப் போவதற்கும் கேட்பாள்.

"தும்மல் வர்ற மாதிரி இருந்தா இப்பவே ஒரு போன் போட்டுடு மார்லிஸ்," என்பார் ஆர்லன். "அப்புறம் அது அனுமதியில்லாத தும்மலாயிடும்."

"சிரிங்க சார்ஜென்ட். சிரிக்கிறதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்."

ஏப்ரலில் பனி உருகி ஆறு ஏறியது. புதன்கிழமை பகல் ஒரு மணிக்குக் கேப்டன் நெல்விக் போனில் கூப்பிட்டார்.

"ஆர்லன், ஆத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துல தண்ணி ஏறுது. பம்ப்பையும் பெரிய லாரியையும் அனுப்பிடு."

"அனுப்பியாச்சுன்னு வச்சுக்குங்க சார்."

ஐந்து நிமிஷத்தில் கோல்பி கிளம்பினான். "தண்ணிக்குப் பயந்தவனெல்லாம் இந்த ஊர்ல பொறந்திருக்கவே கூடாதுடா," என்று லாரியின் கதவைத் தட்டி அனுப்பிவைத்தார் ஆர்லன்.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த மார்லிஸ் காலியான லாரிக் கொட்டகையைப் பார்த்தாள். "லாரி எங்க?"

"கேப்டன் கேட்டாரு. அனுப்பிட்டேன்."

"எந்தக் கேப்டன்?"

"நமக்கு எத்தனை கேப்டன்? நெல்விக்தான்."

"இன்னிக்கு என்ன கிழமை சார்ஜென்ட்?"

ஆர்லன் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். நெல்விக் கேப்டனாக இருப்பது மாதத்தில் அந்த இரண்டு நாள். புதன்கிழமை அவர் டிராக்டர் உதிரிபாகம் விற்பவர். அவர் போனில் பேசும்போதே பின்னால் யாரோ ஃபேன் பெல்ட் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தது இப்போது ஆர்லனின் காதில் மிகத் தெளிவாக ஒலித்தது.

"ஆக, ஒரு கடைக்காரர் சொன்னாருன்னு படை லாரியை அனுப்பியிருக்கீங்க," என்றாள் மார்லிஸ். "கோல்பிக்கு ஏதாவது ஆச்சுன்னா, உத்தரவு இல்லாம அவனாப் போனான்னு எழுதிடுவாங்க. வைத்தியச் செலவு கூட வராது. அவன் பொண்டாட்டிக்கு இது ஆறாம் மாசம்."

ஆர்லன் வயர்லெஸ்ஸை எடுத்தார். கரகரவென்றது. கோல்பியின் கைபேசி அணைந்திருந்தது. பாலத்தை மூடிவிட்டதாக உள்ளூர் வானொலி சொன்னது. லெப்டினன்ட்டை அழைத்தார், கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி அழைத்தார், இன்னும் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் முறை போனை எடுத்தவன் அவரது குரலைக் கேட்டதுமே பெருமூச்சு விட்டான். இருபது வருஷம் முடித்தால்தான் ஓய்வூதியம். இன்னும் இரண்டு பாக்கி.

"மார்லிஸ், நான் ஒரு மணிக்கே லெப்டினன்ட் மேடம்கிட்ட பேசினதா..."

"எழுத மாட்டேன்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"வாயைத் திறந்தீங்களே, அது போதும்."

இரண்டு நாற்பதுக்கு லெப்டினன்ட் லைனுக்கு வந்தார். ஆர்லன் மறைக்காமல் சொன்னார்.

"யார் உத்தரவுன்னு சொன்னீங்க? கேப்டனா, கடைக்காரரா?"

"கடைக்காரர், மேடம்."

"அங்க எத்தனை பேர்?"

"பதினாலு பேர். எல்லாம் படுத்த படுக்கை."

எதிர்முனையில் பேனா மேசையைத் தட்டும் சத்தம். "உயிர் போற காரியம்னா நான் அனுமதி தரலாம். ரெண்டு நாப்பதுலேர்ந்து கோல்பி என் உத்தரவுல இருக்கான். அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது சார்ஜென்ட்."

அதற்கு முந்திய தொண்ணூற்றைந்து நிமிஷம் ஆர்லனின் தலையில் இறங்கியது. கோல்பி முழுசாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு நாற்பதுக்குப் பிறகு அடிபட்டிருக்க வேண்டும். இப்படி ஒரு பிரார்த்தனையை லுத்தரன் தேவாலயம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் கோல்பியே முதியோர் இல்லத்துப் போனில் கூப்பிட்டான்.

"சார்ஜென்ட், தண்ணியில வயர்லெஸ்ஸும் போச்சு, செல்லும் போச்சு. எல்லாரையும் மாடிக்குத் தூக்கியாச்சு. நான்தான் படியில வழுக்கிட்டேன். கணுக்கால் பூசணிக்காயாட்டம் இருக்கு."

"எப்ப விழுந்த? மணி என்ன?"

"விழும்போது மணியா பாப்பாங்க? படியைத்தான் பாத்தேன்."

"யோசிச்சுச் சொல்லுடா!"

"பெரியவங்க டிவியில அந்த வினாடி வினா ஆரம்பிக்குதுன்னு கத்துனாங்க. திரும்பிப் பாத்தேன். அப்பதான் விழுந்தேன்."

"அது ரெண்டரைக்கு ஆரம்பிக்கும்," என்றாள் மார்லிஸ்.

அனுமதிக்குப் பத்து நிமிஷம் முன்னால். ஆர்லன் கண்ணை மூடித் திறந்தார்.

"எழுது மார்லிஸ். ரெண்டு முப்பது. அவனாப் போகலை, நான் அனுப்பினேன். என் பேரைத் தெளிவா எழுது."

மார்லிஸ் எழுதினாள்.

"சார்ஜென்ட், இன்னொண்ணு," என்றான் கோல்பி. "கீழ்த்தெருவுலயும் ஒரு வீட்டுல தண்ணியாம். ரெண்டு அடிதான். பம்ப்பை அப்படியே அங்க கொண்டுபோயிடவா?"

"நில்லு. லைன்லயே இரு."

ஆர்லன் அடுத்த மேசைப் போனை எடுத்தார். மார்லிஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலை முடிந்தவரை தாழ்த்தினார்.

"மேடம், ஆர்லன் பேசறேன். ஒரு அனுமதி வேணும்."