நாலாம் தெருவின் பத்தொன்பது கதவுகள்

அவள் கதவைத் தட்டுவது பூனை வந்து உரசிவிட்டுப் போன மாதிரி இருக்கும். அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்றே பெயர். ஒற்றை விரலால் இரண்டு தட்டு. மனதுக்குள் முப்பது வரை எண்ணுவாள். யாரும் வராவிட்டால் சின்னதாக ஒரு நிம்மதி. படிவத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வாள்.

அவளுக்குக் கொடுத்திருந்த பகுதியில் நான்கு தெருக்கள். பின்னால் மண் சரியும் குன்று, முன்னால் கரை உடைக்கும் கால்வாய், பக்கத்தில் ரசாயனக் கிடங்கு. ஆபத்து நான்கு தெருவுக்கும் பொது. ஆனால் அது வந்தால் யாரால் சட்டென்று எழுந்து ஓட முடியாது? அதை வீடு வீடாக விசாரித்து மதிப்பெண் போடுவதுதான் அவள் வேலை. முதியவர், கைக்குழந்தை, நடக்க முடியாதவர், வண்டி இல்லாதவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அதிகம் வாங்கும் தெருவுக்கு எச்சரிக்கை சைரன். இந்த வருஷம் வந்திருப்பது ஒன்றே ஒன்று. குன்றின் வளைவு மறைப்பதால் ஒரு தெருவில் ஊதினால் அடுத்த தெருவில் சரியாகக் கேட்காது.

ஒரு வாரம், தினமும் காலை பத்து மணியிலிருந்து சுற்றினாள். நாலாம் தெருவின் இருபத்துமூன்று வீடுகளில் பத்தொன்பதில் ஆள் இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு மதிப்பெண்ணும் இல்லை. வரைபடத்தில் அந்தத் தெரு பச்சைப் பசேலென்று வந்தது. அதாவது, கவலை வேண்டாத தெரு.

"பரவாயில்லையே பூனை, தேதிக்கு முன்னாடியே முடிச்சிட்ட," என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "நாளைக்கு மத்தியானம் அனுப்பிடலாம். சைரன் ரெண்டாம் தெருவுக்கு."

மறந்து வைத்த குடையை எடுக்க அன்று மாலை ஐந்து மணிக்கு நாலாம் தெருவுக்குப் போனாள். தெரு கலகலவென்று இருந்தது. வாசலுக்கு வாசல் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அவள் குடையை நீட்டினாள்.

"இது உன்னுதாம்மா? வாசல்ல கிடந்துச்சு."

"இந்த வீட்ல... ஆள் இருக்காங்களா அக்கா?"

"பின்னே, நான் என்ன பேயா? தெரு மொத்தமும் ரொட்டிக் கம்பெனியில ராத்திரி ஷிப்ட். பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவோம்."

"நான் வந்து தட்டினேனே."

"எப்படித் தட்டின? தட்டிக் காட்டு."

தட்டிக் காட்டினாள். சக்கர நாற்காலியில் இருந்த அக்காவின் மாமனார் குலுங்கிச் சிரித்தார். "தட்டுனியா, தடவிக் குடுத்தியாம்மா?"

வீட்டுக்கு வந்து நாலாம் தெருவின் படிவங்களை மறுபடி புரட்டினாள். காலை பத்து மணிக்குக் கால்வாய் உடைந்தால் முதலில் மாட்டுவது அந்தத் தெருதான். வாயைத் திறக்காவிட்டால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரின் மேசை முன் போய் நின்றாள். "மேடம், நாலாம் தெரு தப்பு. எல்லா வீட்லயும் ஆள் இருக்காங்க. தூங்கிட்டிருந்தாங்க. நான்தான் சத்தமாத் தட்டல."

அவர் பேனா மூடியைக் கடித்தபடி பார்த்தார். "இன்னைக்கு அனுப்பணுமே!"

"ஒரே ஒரு நாள் குடுங்க." வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"நாளைக்கு மத்தியானம். அதுக்கு மேல போனா என் தலைதான் உருளும்."

அன்று மாலை ஐந்து மணிக்குப் போய்க் கையை முஷ்டியாக்கித் தட்டினாள். "இன்னும் பலமா!" என்று எதிர் வாசலிலிருந்து அக்கா கத்தினாள். இருட்டுவதற்குள் பத்தொன்பதும் முடிந்தது. ஏழு கைக்குழந்தைகள், நடக்க முடியாதவர்கள் நாலு பேர், தெரு முழுக்க இரண்டே வண்டி. 'பகலில் தூங்குபவர்' என்று படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். மேற்பார்வையாளர் அதை அழிக்கவில்லை. பச்சைத் தெரு சிவப்பானது. ரெண்டாம் தெருவின் பெயர் அடுத்த வருஷப் பட்டியலில் முதலாவதாக ஏறியது.

இரண்டு மாதம் கழித்து நாலாம் தெருவில் சைரன் சோதனை. அலுவலகம் குறித்த நேரம் காலை பத்து மணி. நாளையும் நேரத்தையும் முந்தின வாரமே வீட்டுக்கு வீடு சொல்லியாயிற்று. ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

சைரன் அலறியது. கதவுகள் படபடவென்று திறந்தன. எல்லாருக்கும் முன்னால் மாமனாரின் நாற்காலி உருண்டு வந்தது. பின்னாலேயே தலைமுடி விரிந்து கிடக்க அக்கா. "அடிப்பாவி! இதுக்குத்தான் அந்தத் தட்டு தட்டினியா? இப்பத்தானேடி கண்ணை மூடினேன்!"

"மன்னிச்சிடுங்கக்கா," என்றாள் அவள், விரலை நீட்டி, திறந்த கதவுகளை எண்ணிக்கொண்டே. பதினேழு, பதினெட்டு. கடைசிக் கதவுக்காகக் காத்திருந்தாள். அதுவும் திறந்தது. உள்ளேயிருந்து இரண்டு பேர், கொட்டாவி விட்டபடி, அவளைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.