துவைத்துக் கொடுத்த சாக்கு

...இந்தச் சேறு எங்கிருந்து வந்தது, அதை முதலில் அந்த ஓவியன் சொல்லட்டும், இரண்டு நாள் சவுக்காரத்தில் ஊறவைத்து, இந்த மலையில் வெயிலை நம்ப முடியாதென்று அடுப்புக்குப் பின்னால் கயிறு கட்டிக் காயவைத்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்த சாக்கு அது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது செடி ஈரம் பாவாடையில் ஏறாமல் இருக்க அம்மா இருபத்தேழு வருஷம் இடுப்பில் கட்டிய சாக்கு, இப்போது பழைய ஆலைக் கொட்டகையின் கூரையிலிருந்து கம்பியில் தொங்குகிறது, மேலெல்லாம் சேறு, ஓரத்தில் ரத்தம் மாதிரி சிவப்பு வேறு. வேறு யாருடையதோ என்று ஒரு நிமிஷம் பார்த்தாள் குமுதா. இல்லை, இடது பக்கம் அந்த நீலச் சேலை ஒட்டு, அம்மா கையால் போட்ட தையல்... அவளுக்குக் காது மடல் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லோரும் நல்ல சேலை கட்டி வரவேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லி அனுப்பியிருந்தார், நல்ல சேலைதான் கட்டி வந்திருக்கிறாள், இதைப் பார்க்கவா?

இரண்டு மாதத்துக்கு முன்னால் லயத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு அக்கா அக்கா என்று சாக்கைக் கேட்டு எவ்வளவு குழைந்தான் இந்த யுவனேஸ்வரன், கேஎல்காரன், கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் தமிழ்ப்பிள்ளைதானே என்று தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தது தப்பு. ஓவியர் என்றான். வரைய மாட்டானாம், செதுக்க மாட்டானாம், இருக்கிற பொருளை எடுத்துத் தொங்கவிடுவானாம், ஜனங்கள் அதற்குள்ளே நடந்து போக வேண்டுமாம், அவர்கள் நடந்தால்தான் வேலையே முடிந்த மாதிரியாம், இன்ஸ்டாலேஷன் என்று அதற்குப் பேராம். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே! பக்கத்து வீட்டு மோகனா அப்போதே முகத்தைச் சுளித்தாள், "பழைய சாக்க மாட்டி வச்சா அது படமா லா?" என்று கேட்டாள். குமுதாதான் அவளை அடக்கினாள். மறுவாரம் அவன் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, ஏன் துவச்சீங்க?" என்று தலையில் கை வைத்தான். "ஒருத்தருக்குக் குடுக்கற துணிய அழுக்கா எப்படி தம்பி குடுக்கறது?" என்றாள் இவள், சிரித்தான், இவளும் சேர்ந்து சிரித்தாள். அப்போது சிரித்துவிட்டுக் கொண்டுபோய்ச் சேற்றில் முக்கியிருக்கிறான். துவைத்தது பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாமே, அழுக்கு வேண்டுமென்று ஒருத்தன் நினைப்பான் என்று யாருக்குத் தெரியும்?

அம்மா வேலை விட்டு வந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டாள், நேரே பைப்படிக்குப் போவாள், சாக்கை அடித்துத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாள். நம்ம வேலம்மா சாக்கை, சாமிக்குச் சாத்துகிற பட்டுச்சேலை மாதிரித் துவைக்கிறாள் என்று லயமே கேலி செய்யும், செய்யட்டும், மலையில்தான் மண்ணு, என் மேலயுமா என்பாள். அவள் மேல் இன்றைக்கு மண்ணை அள்ளிப் பூசிவிட்டான், செத்து நாலு வருஷம் கழித்து, எழுந்து வந்து கேட்க மாட்டாள் என்கிற தைரியம். அங்கே பார், குட்டை முடி வைத்த ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சாக்கில் முகத்தை வைத்து மோந்து பார்க்கிறாள்... எதை மோந்து பார்க்கிறாய், போன வாரம் பூசிய சேற்றையா? அவள் கண்ணில் தண்ணீர் வேறு. மூலையில் ஒரு ஸ்பீக்கர் கொழுந்து கிள்ளுகிற சத்தத்தை விடாமல் போடுகிறது, கேட்கக் கேட்க எரிச்சலாக வருகிறது. சுவரில் மூன்று பாஷையில் பலகை. தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். பெயரற்றவர்கள்.

யாருக்கடா பெயர் இல்லை? வேலம்மா என்று ஊரே கூப்பிட்ட பெயர் அது, பிறப்புப் பத்திரத்தில் இருந்த பெயர், லயத்து வீட்டைச் சொந்தமாகக் கொடு என்று இருபது வருஷத்துக்கு முன்னால் மனு எழுதியபோது ஆம்பிளைகள் எல்லாம் முதல் கையெழுத்தை நீ போடு நீ போடு என்று பேனாவை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க, அம்மா வாங்கி முதல் ஆளாகப் போட்ட பெயர். அதற்காக ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி அவளை ஆறு மாதம் தூரத்து மலைக்கே அனுப்பினான், போனாள், வந்தாள், சாக்கைத் துவைத்தாள். இன்றைக்கு இந்தப் பலகையை விட்டுவிட்டுப் போனால், பார்க்க வருகிறவன் எல்லாம் அம்மாவைப் பெயரில்லாத அழுக்குப் பொம்பளை என்று நினைத்துக்கொண்டு மலை இறங்குவான். அது மட்டும் நடக்கக் கூடாது. யுவனேஸ்வரன் கறிபாப் பலகாரத் தட்டோடு சிரித்துக்கொண்டு வந்தான்.

"எங்கம்மா ஒருநாளும் அழுக்கா இருந்ததில்ல," என்றாள். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது, நாலு பேர் திரும்பினார்கள், ஒருவன் கைப்பேசியைத் தூக்கினான். அவன் தணிந்த குரலில், "அக்கா, இது உங்கம்மா மட்டும் இல்ல, இங்க வேலை செஞ்ச எல்லாரோட வலியும் தெரியணும்ல, அதான்..." என்று இழுத்தான். "வலி வேணும்னா வந்து கேளு லா, சேத்த ஏன் பூசற? பேரில்லன்னு ஏன் எழுதற?" என்றாள். அவன் முகம் மாறியது. கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத முகம். "அக்கா, நான் எல்லார் பேரையும் கேட்டேனே. நீங்கதான பேரெல்லாம் போடாதீங்க தம்பின்னு சொன்னீங்க? அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வேணாம்னுட்டாங்க. அதான் இந்தத் தலைப்பே வந்துச்சு."

சொன்னேனா... சொன்னாள். தேத்தண்ணி கிளாஸைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், பேரு கீரெல்லாம் என்னாத்துக்கு, ஆபீஸ்ல பாத்தா நல்லாருக்காது, நான் இன்னும் பேக்கிங்ல வேல செய்றவ, இருக்கற வீடும் அவங்க வீடு. மனுவின் காகிதம் இன்னும் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் என்று அவளுக்கு ஒரு பயம், அந்தப் பெயரை யாரும் தூசி தட்டிவிடக் கூடாது என்று. அவள் வேண்டாம் என்றதைப் பார்த்துத்தான் மோகனாவும் வேண்டாம் என்றிருப்பாள், மற்றவர்களும். சேறு அவன் பூசியது, சரி, அதற்கு அவனை இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும், ஆனால் பலகையில் இருக்கிற அந்த ஒரு வார்த்தை... யுவனேஸ்வரன் சட்டைப்பையிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து நீட்டினான். "இப்பவே எழுதுங்கக்கா, சுவத்துலயே. யாரு வேணாம்னா?" என்றான். வாங்கிவிட்டாள், வாங்கிய வேகத்தில் சுவரண்டை போய் நின்றும்விட்டாள், பின்னால் கைப்பேசிகள் உயர்வது தெரிந்தது. நாலு எழுத்து, வே, ல, ம், மா, கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். மூடியைக் கழற்றினாள். கழுத்து தன் பாட்டுக்கு வாசல் பக்கம் திரும்பியது, அங்கே நிற்கிற ஒவ்வொரு முகமாகக் கண் தாண்டிப் போனது, யாரைத் தேடுகிறோம் என்று அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது, துரை பார்க்கிறாரா என்று.