மல்லாவிக் கடையில் பிடிபட்டது

2019 சித்திரையில், தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையே அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நிறுத்திவிட்டது. வதந்தி பரவக்கூடாதாம். ஸஹீலா அதைக் குறை சொல்லவில்லை. மல்லாவியின் செய்திகளைப் போடுவதற்கென்று பேஸ்புக்கில் அவள் ஒரு பக்கம் நடத்திவந்தாள். மரண அறிவித்தல், பஸ் நேரம், தொலைந்த மாடு எல்லாம் அதில் வரும். சாதாரண நாளிலேயே அங்கு பொய்யை அள்ளிக்கொட்ட ஆட்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு அடங்கிக் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தாள்.

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்று தெரிந்ததிலிருந்து முஸ்லிம் வீடுகளிலும் கடைகளிலும் தேடுதல் நடந்தது. வியாழக்கிழமை, அவள் காக்கா என்று கூப்பிடும் தமையன் சிறாஜின் பசளைக் கடைக்கு இராணுவம் வந்தது. யூரியா மூட்டைகளை இறக்கி, குத்திப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, தேநீரும் குடித்துவிட்டுப் போனது. ஆனால் கடை வாசலில் துவக்கோடு நின்ற சிப்பாய்களை யாரோ ஒருவன் படம் எடுத்துவிட்டான். தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் அவனிடம் இருந்திருக்க வேண்டும். 'மல்லாவியில் குண்டு மருந்து பிடிபட்டது' என்ற வரியோடு படம் பேஸ்புக்கில் ஏறியது. மல்லாவி அதைக் காணவில்லை. கனடாவும் லண்டனும் கண்டன. அங்கிருந்த சொந்தக்காரர்கள் ரெலிபோன் எடுத்து மல்லாவிக்குச் சொன்னார்கள்.

மறுநாள் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

"நீ நடந்ததை எழுது," என்றான் சிறாஜ். "உன்ர பக்கத்தைத்தானே ஊரே பார்க்குது."

"பக்கம் திறந்தால்தானே காக்கா."

அவளும் விபிஎன் போட்டு எழுதிப் பார்த்தாள். யாருக்காக எழுதினாளோ அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. வெளிநாட்டிலிருந்து வசவுதான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகுதான் பழைய வலைப்பூ ஞாபகத்துக்கு வந்தது. வவுனியாவில் கம்பியூட்டர் படித்த காலத்தில் திறந்து, பேஸ்புக் வந்ததும் கைவிட்டது. முகவரியைத் தட்டினாள். உடனே திறந்தது. அதை மூட அரசாங்கத்துக்குத் தோன்றவில்லை, அப்படியொன்று இருப்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி, தெரிந்தவர்களுக்கெல்லாம் இணைப்பை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினாள்.

'திறக்குதில்லை' என்றே பதில்கள் வந்தன. அநேகமானோர் போட்டிருந்தது பேஸ்புக்குக்கு மட்டுமான மலிவு டேட்டா. பேஸ்புக் போனதோடு அவர்களுக்கு இன்டர்நெட்டே போய்விட்டது.

பின்னேரம் அக்கராயனிலிருந்து ஞானேஸ்வரி அழைத்தார். அங்கு வயல் செய்யும் கமக்காரர்களின் சங்கத் தலைவி.

"தங்கச்சி, நீங்கள் அனுப்பினது இஞ்ச ஒருத்தருக்கும் திறக்குதில்லை. சங்கக் கூட்டத்திலதான் நிக்கிறன். நீங்களே வாசியுங்கோ, ஸ்பீக்கரில போடுறன்."

ஸஹீலா வாசித்தாள். எழுதும்போது நேராக வந்த வசனங்கள் வாய்விட்டு வாசிக்கும்போது தடக்கின. முடித்ததும் மறுபக்கத்தில் ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஒண்டுமில்லையெண்டால் ஆமி ஏன் வந்தது?"

"முந்தி, சண்டை முடிஞ்ச கையோட உங்கட வீடுகளுக்கும் வந்தவங்கள்தானே அண்ணை. ஏதும் இருந்ததெண்டோ வந்தவங்கள்?"

அது அவள் எழுதி வைத்த பதில் அல்ல. வாயிலிருந்து விழுந்துவிட்டது. ஞானேஸ்வரி அழைப்பைத் துண்டித்துவிடுவார் என்று காத்திருந்தாள். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அது கெடக்கட்டும்," என்றது இன்னொரு குரல். "நான் பழனியாண்டி பேசுறேன்மா. வெதச்சிட்டு ஒக்காந்திருக்கோம். யூரியா இருக்குதா, இல்லையா? அதச் சொல்லுங்க."

"இருக்கு ஐயா. நிறைய இருக்கு."

அடுத்த நாள் பழனியாண்டியும் வேறு சிலரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்து மூட்டைகளை ஏற்றிப் போனார்கள். சங்கத்தின் மற்றவர்கள் கிளிநொச்சிக்குப் போய் வாங்கினார்கள். சிறாஜ் மிச்ச மூட்டைகளைத் திரும்ப அடுக்கினான்.

மாத முடிவில் தடையை எடுத்தார்கள். ஸஹீலா தன் பக்கத்தைத் திறந்தபோது அந்தப் படம் அவளுக்கு முன்பே அங்கு வந்து கிடந்தது. பகிர்ந்தவர்களின் பெயர்களைக் கீழே இறக்கிக்கொண்டே போனாள். முன்பின் தெரியாத பெயர்கள், வெளிநாட்டுப் பெயர்கள். இடையிடையே மல்லாவிப் பெயர்கள். அதில் ஒருவனுடைய தகப்பனின் மரண அறிவித்தலை மாசியில் அவள்தான் போட்டிருந்தாள். வலைப்பூவில் எழுதியதை அப்படியே படத்துக்குக் கீழே ஒட்டினாள். சிலர் விருப்பம் போட்டார்கள். படம் தன்பாட்டில் பரவிக்கொண்டிருந்தது.

"ஆர் ஆர் ஷெயார் பண்ணினவங்கள்?" என்று கேட்டான் சிறாஜ்.

பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விற்க அவனுக்கு மனம் வராது. விற்காமல் கடை நடத்தவும் முடியாது.

"தெரியாத ஆக்கள், காக்கா."

அன்று மத்தியானம், தகப்பனின் மரண அறிவித்தலை அவள் போட்டுக்கொடுத்த அந்த மகன் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு மூட்டை கேட்டான். சிறாஜ் தூக்கி வைத்துக் கட்டிக் கொடுத்தான். கயிற்றின் மற்ற முனையை ஸஹீலா பிடித்துக்கொண்டு நின்றாள்.