சோற்றுப் பாறையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

மினேகோ உறையைத் திறந்து ரைஃபிளை வெளியே எடுத்ததும், வேட்டைக் கொட்டகையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஏழு ஆண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். பிறகு ஒரே நேரத்தில் திறந்தார்கள்.

“அடேயப்பா! இது துப்பாக்கி மேல வச்ச தொலைநோக்கியா, தொலைநோக்கிக்கு மாட்டின துப்பாக்கியா?” என்றார் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் தோகுரா.

“நிலாவுல மான் மேயுதான்னு பாக்கப் போறா போல.”

“கழுத்துல வேற ஒண்ணு தொங்குது பாரு. அது எதுக்கும்மா, புருஷன் வயல்ல வேலை செய்றாரான்னு பாக்கவா?”

“அதுக்கு வெறுங்கண்ணே போதும். அவர் எங்க படுத்திருப்பார்னு எனக்குத் தெரியும்,” என்றாள் மினேகோ.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, ஸ்கோப்பின் இரண்டு மூடிகளையும் சரிபார்த்து, ரைஃபிளைத் தாங்கியில் சாய்த்து வைத்தாள். கழுத்தில் தொங்கியது பைனாகுலர். பொத்தானை அழுத்தினால் எதிரே இருப்பது எத்தனை மீட்டர் தூரம் என்று உள்ளேயே எழுத்து தெரியும். இரண்டையும் வாங்க அவள் இரண்டு பருவத்து லெட்யூஸ் கீரை விளைச்சலைச் சேர்த்து வைத்திருந்தாள். மான்கள் தின்றது போக மிஞ்சிய விளைச்சல்.

கேலியெல்லாம் அவளுக்குப் பழசு. ரைஃபிள்தான் புதுசு. இந்த நாட்டில் ரைஃபிள் வேண்டுமென்றால் முதலில் பத்து வருஷம் ஷாட்கன் வைத்திருந்து, ஒரு தப்பும் செய்யாத ஆள் என்று பெயர் வாங்க வேண்டும். மினேகோ வாங்கினாள். வருஷா வருஷம் துப்பாக்கியைக் காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அளக்கக் கொடுத்தாள். சுட்ட தோட்டாவுக்கும் சுடாத தோட்டாவுக்கும் பதில் சொன்னாள். போலீஸ்காரர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “அந்தம்மா வீட்டுல சண்டை கிண்டை போடுவாங்களா?” என்று விசாரித்தார். பக்கத்து வீட்டுக்காரி, “போடுவா. ஆனா வாயாலயே ஜெயிச்சிடுவா, துப்பாக்கி வரைக்கும் போகாது,” என்று நற்சான்று கொடுத்தாள்.

அரசாங்கத்துக்குப் பத்து வருஷம் போதுமாக இருந்தது. இந்தக் கொட்டகைக்குத்தான் போதவில்லை.

நாகானோ மலைப்பக்கத்துக் கூட்டு வேட்டையில் இரண்டு வேலைதான். சிலர் கீழேயிருந்து நாயோடு கத்திக்கொண்டு ஏறி மானை விரட்டுவார்கள். மற்றவர்கள் மேலே ஆளுக்கொரு நிலையில் அசையாமல் நின்று சுடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஆண் இரண்டு வருஷம் விரட்டினால் மூன்றாம் வருஷம் நிலை கிடைக்கும். மினேகோ பத்து வருஷமாக மூங்கில் தடியோடு புதரைத் தட்டி “ஹோய், ஹோய்” என்று கத்திக்கொண்டிருந்தாள். காரணம் கேட்டால் எல்லாரும் மலையைக் காட்டினார்கள். மலையின் தெய்வம் பெண்ணாம், பொறாமைக்காரியாம். இன்னொரு பெண் துப்பாக்கியோடு உச்சியில் நிற்பதைப் பொறுக்க மாட்டாளாம். அடிவாரத்தில் முள்ளில் கிழிபட்டுக் கத்தினால் மட்டும் பொறுத்துக்கொள்வாளாம். என்ன வசதியான பொறாமை!

அந்தத் தெய்வத்தைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு தலைவர் ஓனுகியுடையது. எழுபத்தொரு வயது, இருபத்திரண்டு வருஷத் தலைமை. அவருடைய சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய ஒரு கருவாடு எப்போதும் இருக்கும். ஓகோசே மீன். கடலில் அதைவிட அவலட்சணமான மீன் கிடையாது. அதைப் பார்த்ததும் ‘என்னைவிட அசிங்கமாக ஒருத்தி இருக்கிறாளே’ என்று மலைத்தெய்வத்துக்கு மனம் குளிர்ந்துவிடுமாம். காலையில் வாலை மட்டும் காட்டி, வேட்டை கிடைத்தால் முழுசாகக் காட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த வாலிலும் பாதிதான் மிச்சம். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேட்டை நாய் குரோ ஒரு கடி கடித்துவிட்டது.

அன்று காலை ஓனுகி பலகையில் வரைந்திருந்த மலைப்படத்தில் பெயர் எழுதிய மரச் சில்லுகளை மாட்டினார். தனக்கு வழக்கம்போல் கணவாய் வாசலில் இருக்கும் முதல் நிலை. மினேகோவின் சில்லை அடிவாரத்தில் மாட்டினார். மினேகோ எழுந்து போய் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா பண்ற?”

“பத்து வருஷம் விரட்டியாச்சு தலைவரே. இந்த வருஷம் நிலை.”

“அம்மனுக்குப் பிடிக்காது.”

“பத்து வருஷமா அவ மடியில ஏறி எறங்கிட்டிருக்கேன். அப்பல்லாம் தூங்கிட்டா இருந்தா? அப்படியே கோவம் வந்தாலும் உங்க பையில கருவாடு இருக்கு. பத்தலைன்னா உங்க மொகம் இருக்கு.”

தோகுராவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. ஓனுகியின் காது சிவந்தது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையிலிருந்த சில்லை வாங்கி ஓரத்தில் ஒரு ஆணியில் மாட்டினார்.

“சரி. சோத்துப் பாறையில நில்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். சோற்றுப் பாறைக்கு எதிரே அகலமான பள்ளம். ஷாட்கன் எட்டும் ஐம்பது மீட்டருக்குள் அங்கே முப்பது வருஷமாக ஒரு மானும் வந்ததில்லை. அங்கே நிற்கிறவன் செய்யக்கூடிய ஒரே வேலை கட்டுச்சோற்றைப் பிரிப்பதுதான்.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ,” என்றார் ஓனுகி. “இன்னிக்கு உன் பக்கம் மான் வந்து, நீ விட்டுட்டேன்னா, நாளைலேர்ந்து மூங்கில் தடிதான். இந்த வருஷம் மட்டுமில்ல, எப்பவும். இந்தக் கண்ணாடியையெல்லாம் வித்துட்டு வேற ஏதாவது உருப்படியா வாங்கிக்கோ. சம்மதமா?”

“சம்மதம். ஆனா சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான?” என்று சுவரைக் காட்டினாள். அங்கே ஓனுகியே தூரிகையால் எழுதி மாட்டிய விதிகள் இருந்தன. மூன்றாவது விதி: தலைவர் ரேடியோவில் முடிந்தது என்று சொல்லும் முன் நிலையை விட்டு நகர்ந்தவர், அந்தப் பருவம் முழுக்க விரட்ட வேண்டும்.

“அத எழுதினவனே நான்தான்,” என்றார் ஓனுகி.

சோற்றுப் பாறை என்றதும் மினேகோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தாள். கோடைக்காலத்தில் அவள் பைனாகுலரோடு அந்தப் பாறைக்கு நாலு முறை போயிருக்கிறாள். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கொல்லைப் பாதை போகிறது. நாயிடம் தப்பிய கிழட்டு மான்கள் கணவாய்க்குச் சற்று முன்னால் திரும்பி அந்த வழியாக நழுவுகின்றன. பாதையோரம் ஒரு கருகிய லார்ச் மரக்கட்டை, அதன் பின்னால் மண்கரை. குண்டு குறி தப்பினாலும் மண்ணுக்குள்தான் போகும். பாறையிலிருந்து அந்தக் கட்டை இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நிலைகளையெல்லாம் ஷாட்கன் காலத்தில் பிரித்தவர்களுக்கு அந்தச் சரிவு வேறு ஊர் மாதிரி. அவளுடைய ஸ்கோப்புக்கு அது பக்கத்து வீடு.

ஒன்பது மணிக்குப் பாறையில் உட்கார்ந்தாள். முதுகுப்பையை மடித்து ரைஃபிளுக்கு முட்டுக் கொடுத்தாள். ஸ்கோப்பின் திருகை டிக் டிக்கென்று அந்தத் தூரத்துக்குத் திருகி வைத்தாள். கீழே குரோ குரைத்தது. கிழக்கே ஒரு வெடி. ரேடியோவில் தோகுரா, “பெட்டை ஒண்ணு விழுந்தாச்சு,” என்றார். கொஞ்ச நேரத்தில் விரட்டுகிறவரின் குரல் மூச்சிரைத்தது: “பெரிய கிடா! கொம்புல நாலு கிளை. கணவாய்க்கு வரல, கொல்லைப் பாதைக்குத் திரும்பிடுச்சு!”

மினேகோ பைனாகுலரைக் கண்ணுக்கு வைத்தாள். புதருக்குள்ளிருந்து முதலில் கொம்பு வந்தது, பிறகு கழுத்து. அவள் ரைஃபிளுக்கு மாறினாள். கிடா மரக்கட்டைக்குப் பக்கத்தில் நின்று, உடம்பு முழுவதையும் பக்கவாட்டில் காட்டி, கீழே காது கொடுத்தது. குறுக்குக் கோடு தோள்மேல் உட்கார்ந்தது. பத்து வருஷமும் அந்தக் கோட்டின் நடுவில் வந்து நின்றது. விரலை விசையில் வைத்தாள்.

அப்போது கிடாவின் முதுகுக்கு மேலே, மண்கரைப் புதரில் ஒரு துளி ஆரஞ்சு நிறம் அசைந்தது.

நவம்பரில் லார்ச் இலைகளும் அதே நிறம்தான். ஆனால் இலைக்குத் தையல் இருக்காது. ஸ்கோப்பில் அவள் பார்த்தது ஒரு தொப்பியின் விளிம்புத் தையலை. விரல் தானாக விலகியது. அடுத்த நொடி கிடா ஒரே தாவலில் கரையேறிப் போய்விட்டது. தொப்பியும் குனிந்து மறைந்தது.

அரை அங்குலம். விரல் அரை அங்குலம் அசைந்திருந்தால் இந்நேரம் ஒரு மனிதனைக் கொன்றிருப்பாள். முதலில் பயம் வந்தது. அது போனதும் வந்த கோபத்தில் பாறையே சுட்டது.

ஐந்து நிமிஷம் கழித்து ரேடியோவில் ஓனுகியின் குரல். வழக்கத்தைவிட மூச்சு வாங்கியது. “மினேகோ, கிடா உன் பக்கம் வந்துச்சே, ஏன் சுடல?”

“பின்னாடி ஆள் இருந்தாங்க தலைவரே. ஆரஞ்சுத் தொப்பி.”

“எல்லாரும் அவங்கவங்க நிலையில இருக்காங்க. நீ பாத்தது லார்ச் இலை. அவ்ளோ பெரிய கண்ணாடி வச்சு இலையப் பாத்துப் பயந்துட்டியா?” என்று அவரே முதலில் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “சரி, முடிஞ்சது. எல்லாரும் எறங்குங்க.”

மினேகோ இறங்கவில்லை. ரைஃபிளிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, பள்ளத்தில் சறுக்கி இறங்கி, மறுபக்கம் வேர்களைப் பிடித்து ஏறினாள். கட்டைக்குப் பின்னால் புதர் நசுங்கிக் கிடந்தது. யாரோ அவசரமாகக் குப்புறப் படுத்த இடம். சருகுக்குள் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தாள். முட்டைக்கண், பிளந்த வாய், உடம்பெல்லாம் முள், பாதி வால்.

அவள் அங்கேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். பொட்டலத்தைப் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் கொட்டகைக்கு வந்தபோது பெட்டை மானைக் கூறு போட்டு முடித்திருந்தார்கள். பலகையில் அவள் பெயர்ச் சில்லு ஏற்கெனவே அடிவாரத்துக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே அவளுடைய பழைய மூங்கில் தடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“கண்ணாடிய வாங்கிக்க ஆள் பாக்கட்டுமாம்மா?” என்றார் ஒருவர்.

“எம்பொண்ணு நட்சத்திரம் பாக்கணும்னு கேட்டுட்டிருக்கா,” என்றார் இன்னொருவர்.

தோகுரா மட்டும் சிரிக்கவில்லை. “நெஜமாவே தொப்பியா பாத்த?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மொதல்ல சாமி கும்பிடலாம் அண்ணே. மான் கிடைச்சிருக்கே,” என்றாள் மினேகோ.

கொட்டகையின் சாமி மாடத்தில் மானின் இதயத்தை இலையில் வைத்திருந்தார்கள். அரிசி மது ஊற்றியாயிற்று. எல்லாரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். காலையில் வால் காட்டி வேண்டிக்கொண்டதை இப்போது முழுசாகக் காட்டித் தீர்க்க வேண்டும். ஓனுகி இடது மார்புப் பையைத் தொட்டார். வலதைத் தொட்டார். கால்சட்டைப் பைகள், மேல்கோட்டுப் பைகள். மறுபடி இடது மார்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை இப்படித் தேடி யாரும் பார்த்ததில்லை. தேடுவது நின்றபோது அவர் யாரையும் பார்க்காமல் மினேகோவை மட்டும் பார்த்தார்.

மினேகோ பொட்டலத்தை இதயத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தாள். குரோ மட்டும் வாலாட்டியது. அதற்கு ருசி தெரியும்.

“எங்கேர்ந்து எடுத்த?” என்றார் தோகுரா.

“கருகின கட்டைக்குப் பின்னாடி மண்கரையில. தலைவர் கணவாய்ல அசையாம நிக்கிறப்ப, கருவாடு மட்டும் தனியா கொல்லைப் பாதைக்கு நடந்து வந்திருக்கு.”

தோகுராவின் முகம் வெளுத்துவிட்டது. “யோவ் ஓனுகி, கிடாவுக்கு நேர் பின்னாடியா படுத்திருந்த? அவ சுட்டிருந்தா?”

“ஒரு நிமிஷம்தான்… கிடா தப்பிச்சிடுமேன்னு…” என்றார் ஓனுகி. பிறகு குரலை உயர்த்தினார். “நான் தலைவன்! எனக்குத் தெரியாதா எங்க நிக்கணும்னு?”

“தெரிஞ்ச எடத்துலதான் நின்னீங்க. என் தோட்டா வர்ற எடத்துல,” என்றாள் மினேகோ. “காலையில சிரிச்சீங்களே, இந்தக் கண்ணாடி எதுக்குன்னு. இதுல உங்க தொப்பியோட தையல் தெரிஞ்சுது. வெறுங்கண்ணா இருந்தா நானும் அத இலைன்னுதான் நெனச்சிருப்பேன். நீங்க ரேடியோவுல சொன்ன மாதிரியே.”

ஓனுகி சுவரைப் பார்த்தார். அங்கே அவரே எழுதிய மூன்றாவது விதி இருந்தது.

மினேகோ பலகைக்குப் போனாள். தன் சில்லை அடிவாரத்திலிருந்து எடுத்துச் சோற்றுப் பாறையில் மாட்டினாள். கணவாயிலிருந்த ஓனுகியின் சில்லை எடுத்து அடிவாரத்தில் மாட்டினாள். தடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு மூங்கில் தடியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“நடுவுல கொஞ்சம் தேஞ்சிருக்கும் தலைவரே. பத்து வருஷம் நான் பிடிச்ச எடம். அங்கயே பிடிங்க, வழுக்காது.”

அவர் வாங்கிக்கொண்டார். தேய்ந்த இடத்தில்தான் பிடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மினேகோ பாறையில் பையை மடித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். கீழே எங்கோ ஒரு கிழட்டுக் குரல் முள்ளில் மாட்டித் திட்டிக்கொண்டே “ஹோய், ஹோய்” என்று கத்தியது. ரேடியோ கரகரத்தது.

“மினேகோ அம்மா,” என்றது ஓனுகியின் குரல். பெயரோடு அம்மா சேர்த்து அவர் மரியாதையாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. “அதே கிடா. உங்க பக்கம்தான் வருது. நான் அடிவாரத்துல பாலத்துக்கிட்ட இருக்கேன். சத்தியமா பாலத்துக்கிட்டதான்.”

மினேகோ பைனாகுலரைப் பாலத்துக்குத் திருப்பினாள். ஆரஞ்சுத் தொப்பி, பக்கத்தில் குரோ. பிறகு கருகிய கட்டையைப் பார்த்தாள். பின்னால் வெறும் மண். ஸ்கோப்பின் மூடிகளைத் திறந்தாள்.