ஹாயில் தோட்டத்து அத்திப்பழம்

மனைவி ஹியாமின் விலை மூவாயிரம் தினார், கூடவே ஒரு கட்டில், ஒரு பீரோ. நவ்வாஃபே சொன்ன விலைதான்; கல்யாணத்தில் அவளுக்குக் கொடுத்த மஹர் அது. அம்மான் நகரத்துத் தன் வீட்டு விருந்தில், பத்துப் பேர் எதிரில், "இந்தக் காசுக்கு உப்புப் போடத் தெரிஞ்சவளாப் பாத்திருக்கலாம்" என்று சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, சித்தப்பா மிஸ்லிஹைக் காரில் ஏற்றிக்கொண்டு அஜ்லூன் மலையிலிருக்கும் மாமனார் வீட்டுக்கு, அவளை அழைத்துவரப் புறப்பட்டான். போனில் சொன்னதென்னவோ, "வெயில் தணிஞ்சிருக்கு, அத்தி சீசன், சும்மா காத்து வாங்க வர்றோம்" என்றுதான்.

"அங்க பச்சத்தண்ணி தொடாத," என்று வழியெல்லாம் ஓதினார் சித்தப்பா. "காபியக் கீழ வெச்சிடணும். 'குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு'ன்னு உன் மாமனார் வாயால வரணும். அதுக்கு முன்னாடி வாயில ஏதாச்சும் பட்டுச்சோ, நமக்குக் கேக்க ஒண்ணுமில்லன்னு ஆயிடும்."

"இருபது வருஷமா பேரம் பேசுறவன் சித்தப்பா நான். பொறுக்கத் தெரியாதா?"

மாமனார் ஹாயில் தோட்டத்து ஓக் மரத்தடியில் பாய் விரித்திருந்தார். காபி வந்தது. இரண்டு கோப்பையும் தரைக்கு இறங்கின. ஹாயிலுக்குப் புரியாமலா? ஆனாலும் திராட்சையைப் பேசினார், இந்த வருஷத்து ஒலிவக் காய்ப்பைப் பேசினார். காபி ஆறி அடியில் மண்டி தங்கியது.

மாமியார் மக்மூராச் சட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார். மாவும் கோழியும் வெங்காயமும் அடுக்கடுக்காக, காலையிலிருந்து அடுப்பில் ஒலிவ எண்ணெய் குடித்துக் கிடந்தவை. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த நவ்வாஃப் பல்லைக் கடித்துக்கொண்டான். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஹாயில், நாங்க வந்த காரியம்..."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹியாம் வந்து நின்றாள். நவ்வாஃபின் கண் அவளிடம் போயிற்று. கை பாயிலிருந்த அத்திக் கூடைக்குப் போயிற்று. வெடித்துத் தேன் கசிந்த அத்தியின் விதை பல்லில் நறநறத்தபோதுதான் அவனுக்கே தெரிந்தது.

ஹாயில் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சாப்ட்டுட்டாரு மாப்ள! அப்ப நிஜமாவே காத்து வாங்கத்தான் வந்திருக்கார். விருந்தாளிகிட்ட மூணு நாளும், நாலாம் நாள்ல மூணுல ஒரு பங்கும் போற வரைக்கும், வந்த காரியத்தப் பேசுறது எங்க வழக்கமில்ல. நீங்களும் பேசாதீங்க மிஸ்லிஹ்."

"வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழிய ஒடச்சிட்டியேடா," என்று முனகினார் சித்தப்பா.

நவ்வாஃபுக்கு வியர்த்தது. பள்ளிகள் திறந்த மாதம். நாளைக் காலை சீருடைக்கு அவன் துணிக்கடை வாசலில் கூட்டம் நெரியும். கிளம்பினால் கடை பிழைக்கும். ஆனால் அழைக்க வந்தவன் பழம் தின்றுவிட்டுப் போனான் என்றால், வாசலில் நிற்பவள் இனி ஒருநாளும் அந்தப் படியிறங்க மாட்டாள்.

கார் சாவியைச் சித்தப்பா கையில் திணித்தான். "நீங்க போங்க. கடை மூடியிருக்குன்னு ஒரு தாள் எழுதி ஒட்டிடுங்க."

"சீசன்ல கடைய மூடுறியா? எத்தன நாளைக்குடா?"

"மாமாதான் சொன்னாரே."

ஹாயிலின் சிரிப்பு பாதியில் நின்றது. ஹியாம் படியிறங்கி வந்தாள். ஆறிய காபியை மண்ணில் கவிழ்த்தாள். நவ்வாஃபின் முகத்தைப் பார்க்காமல் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஆறிடும். சாப்பிடுங்க."

முதல் நாள் கணக்கு: அத்தி இருபத்து மூன்று, மக்மூரா மூன்று தட்டு, ஹியாம் பேசிய வார்த்தை இரண்டு. பாக்கி, இரண்டு நாளும் மூன்றில் ஒரு பங்கும்.