கேட்காமல் போன ஒரு டக்

ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியதும் அமரர் ஊர்தி திணறியது. முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை பொங்கிக் கண்ணாடியை மறைத்தது. டிரைவர் ஓரம் கட்டி என்ஜினை அணைத்தார். பின்னால் நடந்து வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

பின்கதவை ஒட்டி நடந்த, இறந்தவரின் மகனுக்கு எட்டிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. வாசனையே சொல்லிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து எரியும் அந்த இனிப்பு வாசனை. என்ஜினை மேலே மூடியிருக்கும் ஹெட் கசிகிறது.

அவன் பூட்டிய ஹெட்.

"போன வாரம்தானேப்பா வேலை பார்த்து எடுத்தீங்க?" என்றார் சித்தப்பா.

"உங்க அண்ணன் பட்டறையிலதான் சார்." டிரைவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பானட்டைத் தூக்கினார். "டக்கு மேஸ்திரி பட்டறைன்னு நம்பி விட்டேன்."

டக்கு மேஸ்திரி உள்ளே படுத்திருந்தார், முகம் மட்டும் தெரிய.

போல்ட்டை முறுக்கும்போது போதுமான இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அது கேட்காமல் அவர் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. பெயர் அப்படி வந்தது. இன்னொரு பழக்கமும் இருந்தது. கழற்றிய ஹெட் போல்ட்டுகளைக் கையோடு ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டுவிடுவார். "ஒரு தடவை இழுபட்ட போல்ட்டு பாக்கப் புதுசு மாதிரியேதான் இருக்கும், ஆனா மறுபடி சரியா இறுகாது. அவசரத்துல கை அதைத்தான் தேடும். அறுத்துட்டா தேடாது."

அவர் படுக்கையில் விழுந்த பிறகு யாரும் அறுக்கவில்லை.

போன வாரம் இந்த வண்டி பட்டறைக்கு வந்தபோது, புது போல்ட் மறுநாள்தான் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். டிரைவரோ பட்டறை வாசலை விட்டு நகரவில்லை. "செத்தவங்க காத்திருப்பாங்க தம்பி, கூட வர்றவங்க காத்திருக்க மாட்டாங்க" என்று சிரித்தார். மகன் டீசல் தட்டில் கிடந்த பழைய போல்ட்டுகளைத் துடைத்தான். பளபளவென்று இருந்தன. முறுக்கினான். டக். டக். கடைசி மூலையில் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே போனது. கை கனக்கவே இல்லை. வெண்ணெய்க்குள் திருகுவது போல இருந்தது. நிறுத்திவிட்டான்.

பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில்.

"ஏண்டா, கடைசியா ஒண்ணு டக்குன்னு சொல்லலையே?"

"நீங்க இருமுனீங்கப்பா. அதுல கேட்டிருக்காது."



"இருமுனேனா?" என்றது குரல். "இருக்கும்."

அதற்குப் பிறகு பட்டறையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"என்ன பண்றது," சித்தப்பா இப்போது கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். "படுத்துக்கிட்டே காதாலதான் மேற்பார்வை பாத்தாரு. கடைசியில அண்ணனுக்கு அந்தக் காதும் போச்சு. தன் வேலை தன்னையே நடுரோட்டுல நிறுத்திருச்சு பாருங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். இப்படியே நின்றால் போதும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அப்பாவோடு போய்விடும்.

பின்கதவு திறந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கையூன்றி நகர்ந்து வாசலுக்கு வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அவருக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள் சித்தப்பாவிடம். பிறகு மகனைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அவரு இருமவே இல்லடா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவனுக்குக் காது மடல் சுட்டது.

"அப்பா இல்ல" என்றான். "நான்தான். பழைய போல்ட்டைப் போட்டேன்."

"என்ன சொல்றான்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "சத்தமா சொல்லுப்பா, கேக்கல."

இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"பழைய போல்ட்டைப் போட்டேன். ஒண்ணு இறுகல. தெரிஞ்சேதான் விட்டேன். அப்பா கேட்டாரு. அவர்கிட்ட பொய் சொன்னேன்."

டிரைவர் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் பானட்டை மெதுவாக இறக்கிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல அப்பாவை அனுப்பிட்டு வரலாம் தம்பி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன். எல்லாரும் ஒரு கை குடுங்க."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பின்கதவைச் சாத்தி, அதன் நடுவில் அவனுக்கு இடம் விட்டார்கள். யாரும் தோளில் தட்டவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், துணிக்கு அடியில் அப்பாவின் பாதங்கள். வண்டி அசைந்ததும் அவை லேசாக ஆடின. அம்மா ஒரு கையால் அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் பக்கம் பார்க்கவில்லை.

என்ஜினுக்கு அடியிலிருந்து சொட்டிய வெந்நீர் ரோட்டில் கோடாக வந்தது. அந்தக் கோட்டின் மேலேயே நடந்து தள்ளினான். வண்டிக்கும் சத்தமில்லை, ஆட்களுக்கும் சத்தமில்லை. பானட்டுக்குள் சூடு ஆறிக்கொண்டிருந்த இரும்பு மட்டும் விட்டுவிட்டு, மெல்ல, டக் என்றது.