ஒரே மாதிரி மூன்று பட்டைகள்

“தண்ணி கண்ணாடி கணக்கா கீது சார். நாளைக்கி காலீல வந்துடு. அப்பால என்னைக் கேக்காத.”

நொச்சிக்குப்பத்துப் படகுக்காரர் அய்யாதுரை தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து இதைச் சொன்னபோது, மயிலாப்பூரில் என் அலுவலக மேசையில் ஒரு கொதிகலனின் வரைபடம் பாதியில் இருந்தது. அன்று அதற்குமேல் ஒரு கோடும் நேராக விழவில்லை.

அது 1998, பிப்ரவரி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் கடல் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே தெளியும். கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், பதினான்கு மீட்டர் ஆழத்தில், குப்பத்தாரின் வலைகளைக் கிழிக்கும் ஏதோ ஒன்று கிடந்தது. பாறை என்றனர் சிலர். இரும்பு என்றார் அய்யாதுரை. இறங்கிப் பார்த்தவர் எவருமில்லை. நாங்கள் மூவர் இறங்கவிருந்தோம்.

மூவரில் கடலில் மூழ்கிப் பழகியவள் சீதா மட்டுமே. அடையாற்றில் வசித்த அவள் கடலுயிர்களை ஆராய்பவள், லட்சத்தீவில் பயின்றவள். என்னையும் பொன்ராஜையும் ஓராண்டாக நீச்சல் குளத்தில் பழக்கிவந்தாள். வரும் திங்கட்கிழமை அவள் மாற்றலாகி விசாகப்பட்டினம் செல்லவேண்டும். அவள் இல்லாமல் நாங்கள் இருவரும் கடலில் இறங்குவது அறிவீனம் என்பதில் எனக்கும் பொன்ராஜுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

பொன்ராஜின் குடும்பத்துக்குத் தி.நகரில் பாத்திரக் கடை. எண்பத்தெட்டு கிலோ எடையும் எதையும் வளைத்து வேறொன்றாக்கிவிடும் கைகளும் உடையவன். அவனுடைய மூழ்கு கருவிகளில் கடையில் வாங்கியபடி எஞ்சியது எதுவுமில்லை. உதவி மூச்சுக்குழாய் இடது இடுப்பில் தொங்கும்; கத்திகள் இரண்டு, அவற்றுள் ஒன்று எங்கே இருக்கிறதென்று அவனுக்கே சில நாள் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எவர்சில்வர் டம்ளர்: உள்ளே இரண்டு எஃகுக் குண்டுகளைப் போட்டு வாயை அடைத்திருந்தான். நீருக்கடியில் குலுக்கினால் குளம் முழுவதும் கேட்கும்.

“செருப்பு மாதிரிதான் மச்சி. அவனவன் காலுக்கு அவனவன் செருப்பு,” என்பது அவன் சித்தாந்தம்.

என் சித்தாந்தம் வேறு. மூழ்குபவர் மூவரல்லர், ஒரு குழு. ஆபத்தில் என் கை அவன் உடம்பில் எதைத் தேடினாலும், என் உடம்பில் அது எங்கே இருக்குமோ அங்கேயே இருக்கவேண்டும். மூவருக்கும் ஒரே நீளக் குழாய், ஒரே இடத்தில் ஒரே கத்தி. மிகையானது எதுவும் கூடாது. டம்ளர் மிகை.

பல மாதம் நடந்த இவ்வழக்கைச் சீதா ஒரே வாக்கியத்தில் தீர்த்தாள். “நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கற வரைக்கும் படகு கிடையாது,” என்றாள். கடலை இழப்பதைவிட டம்ளரை இழப்பது மேல் என்று பொன்ராஜ் அரை மனத்தோடு பணிந்தான். நான் வென்றேன். வென்றவன் சும்மா இருந்திருக்கலாம்.

மூழ்குவதற்கு இடுப்பில் ஈயம் கட்டவேண்டும். இல்லையேல் உடல் மிதக்கும். பருத்த உடலுக்கு அதிக ஈயம். பொன்ராஜுக்கு எட்டு கிலோ. எனக்கும் சீதாவுக்கும் நான்கு நான்கு. ராயப்பேட்டையில் ஈயக் குண்டுகள் வாங்கி, மந்தைவெளித் தையற்காரரிடம் மூன்று கறுப்புப் பட்டைகள் தைத்து வாங்கினேன். ஒவ்வொன்றிலும் நான்கு பைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடம். ஒவ்வொரு பையும் ஒரு பித்தளைக் கொக்கியில் தொங்கும். வலக் கட்டைவிரல் பட்டால் கழன்றுவிடும். பொன்ராஜின் பைகளில் இரண்டு கிலோ, எங்கள் பைகளில் ஒரு கிலோ. குறைவாக நிரம்பிய பைகள் தொளதொளவென்று தெரிந்தால் சீர்மை கெடுமென்று அவற்றில் ரப்பர்த் துண்டுகளை அடைத்து மற்றவற்றுக்குச் சமமாகப் புடைக்கச் செய்தேன். குளத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் பையை மற்றவர் கழற்றி மாட்டும் பயிற்சியை இருபது முறை செய்வித்தேன்.

“இதை நான் தூக்கத்துலயே செய்வேன். ஆனா எதுக்குச் செய்யுறேன்னுதான் தெரியல,” என்றான் பொன்ராஜ்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் படகு கிளம்பியது. கரையோரம் மீன் கூடைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. அய்யாதுரை எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா சார், மூணு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாரி கீறீங்க. ஒருத்தன் காணாம பூட்டா எவன்னு சொல்றது?”

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நங்கூரம் இறங்கியது. குனிந்து பார்த்தேன், கயிறு ஐந்தாறு மீட்டர்வரை துலங்கி, அப்புறம் பச்சையில் கரைந்தது. அடியில் என்ன இருக்கிறது என்பது இன்னும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சீதா முதலில் இறங்கிக் கயிற்றின் அடியில் காத்திருப்பாள், அடுத்து நான், பின்னர் பொன்ராஜ். அவள் தலை மறைந்ததும் என் பொறுமையும் மறைந்தது. படகு ஆட, அய்யாதுரை பின்னாலிருந்து பட்டையைத் தூக்கிப் பிடிக்க, நான் பூட்டினேன். மூன்று முறை சரிபார்க்கும் வழக்கமுடையவன் அன்று ஒரு முறையும் பார்க்கவில்லை. முதுகு முதலாகக் கடலில் சாய்ந்தேன்.

சாய்ந்தவன் மூழ்கவில்லை, விழுந்தேன். காது இரண்டும் குத்தின. நங்கூரக் கயிறு எதிரே மேல்நோக்கி ஓடியது. எட்டிப் பிடித்துக் கால்களால் பின்னிக்கொண்டேன். ஆழமானி ஆறு மீட்டர் காட்டியது. மூக்கைப் பிடித்துக் காதுகளைச் சரிசெய்து, மிதவை அங்கியில் காற்றேற்றிய பிறகே அண்ணாந்து பார்க்க முடிந்தது. மேலே, ஒளி படர்ந்த பரப்பில், இரண்டு பெரிய துடுப்புக் கால்கள் நீரை அடித்துக்கொண்டிருந்தன. தலை மட்டும் உள்ளே வருவதும், உடல் மறுப்பதுமாகப் பொன்ராஜ் ஒரு தக்கையைப் போல மிதந்தான்.

என் இடுப்பைத் தொட்டேன். புரிந்துவிட்டது. எட்டு கிலோ என்னிடம், நான்கு அவனிடம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாமலிருக்க அத்தனை பாடுபட்டவன் நான்.

மேலே திரும்பிவிடலாம். விதியும் அதுவே. ஆனால் மூழ்கத் தொடங்கியபின் எவர் மேலே ஏறினாலும் அன்றைய முயற்சி முடிந்தது என்பது சீதாவின் நிபந்தனை. அவளோ கண்ணுக்கெட்டாத ஆழத்தில், நான் வருவேனென்று காத்திருந்தாள்.

அப்போது அந்த ஒலி கேட்டது. கிண், கிண், கிண். அங்கிக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த டம்ளரைப் பொன்ராஜ் குலுக்கிக்கொண்டிருந்தான்.

சீதா பச்சையிலிருந்து மேலெழுந்து வந்தாள். என் பட்டையை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள், அண்ணாந்தாள், கண்ணாடிக்குள் அவள் கண்கள் சுருங்கியதைச் சிரிப்பென்றே கொள்கிறேன். கயிற்றைக் காட்டிப் பொன்ராஜுக்குச் சைகை செய்தாள். அவன் கைமாற்றிக் கைமாற்றி, கிணற்றில் இறங்குபவனைப் போலத் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்துசேர்ந்தான். அவள் அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் என் இடுப்பை நோக்கிக் கை நீட்டினான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

கட்டைவிரல் நேராகக் கொக்கியில் விழுந்தது. ஒரு பை என்னிடமிருந்து அவனுக்கு. ஒன்று அவனிடமிருந்து எனக்கு. மீண்டும் ஒருமுறை. துழாவல் இல்லை, தடுமாற்றம் இல்லை. இரண்டு இணை மாறியதும் சீதா காற்றின் அளவைப் பார்த்துவிட்டுப் போதுமென்று கை காட்டினாள். அவனுக்கு ஆறு கிலோ, எனக்கு ஆறு கிலோ. இருவருக்கும் தவறான எடை. என் மிகையை அங்கிக் காற்று தாங்கியது. அவன் குறையைக் கயிறு ஈடுசெய்தது. சரியன்று, ஆனால் போதும்.

இறங்கினோம். பன்னிரண்டு மீட்டரில் பச்சைக்குள் ஒரு கருமை திரண்டது, திரண்டது நேர்க்கோடாயிற்று. இயற்கை அப்படி வரைவதில்லை. வரைபடக்காரனான எனக்கு அதைக் காட்டிலும் இனிய காட்சி வேண்டியதில்லை. அது ஒரு சரக்குப் படகின் இரும்பு விளிம்பு. அதன்மேல் வரிசையாக ஆணித் தலைகள். ஆணிகளுக்கிடையே மஞ்சள் கோடிட்ட மீன்கள் நூற்றுக்கணக்கில், எங்களுக்கு வழிவிட்டுப் பிரிந்து பின்னால் கூடின. ஒரு மூலையில் கிழிந்த வலைகள் திரைபோல் அசைந்தன. அவற்றிலிருந்து விலகி நிற்கும்படி சீதா கை காட்டினாள். பொன்ராஜ் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளங்கையால் இரும்பைத் தட்டினான், கடையில் அண்டாவைத் தட்டிப் பார்ப்பவனைப் போல. பிறகு என் கையை இழுத்து அங்கே வைத்தான். நானும் தட்டினேன். ஓராண்டுச் சண்டையில் அவன் சொன்னதை நான் மறுக்காமல் செய்தது அதுவே முதல் முறை.

படகில் ஏறியதும், இரும்பா பாறையா என்று அய்யாதுரை கேட்டார். இரும்பு என்றாள் சீதா. “நான்தான் சொன்னேன்ல,” என்று அவர் கடலிடமே சொல்லிக்கொண்டார்.

பொன்ராஜ் டம்ளரை மடியில் மறைக்கப் பார்த்தான். நான் கை நீட்டினேன். தயங்கிக் கொடுத்தான். திருப்பிப் பார்த்தேன்; குலுக்கிப் பார்த்தேன்.

“தூக்கிக் கடல்ல போட்டுடாத கல்யாண்,” என்றான். “வேணும்னா உனக்கும் ஒண்ணு செஞ்சு தாரேன்.”

“மூணு,” என்றேன். “மூணும் ஒரே அளவு. வலது தோள்ல, ஒரே இடத்துல தொங்கணும்.”

“அப்போ அந்தப் பட்டை?”

ஈரம் சொட்டும் மூன்று பட்டைகளும் படகின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது எவருடையது என்று எனக்கே தெரியவில்லை.

“ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்த் துணி தைச்சுண்டு வரேன். என்ன கலர்னு அவாவா சொல்லுங்கோ.”

நான் வாக்கியத்தை முடிக்குமுன் பொன்ராஜ் மஞ்சளைக் கேட்டுவிட்டான். சீதா காற்றளவைப் பார்த்தாள். பிறகு படகில் மிச்சமிருந்த மூன்று நிரம்பிய சிலிண்டர்களைப் பார்த்தாள். ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் மறுபடியும் இறங்கலாம் என்றாள். பைகளைப் பழையபடி மாற்றி மாட்டிவிட்டு, இம்முறை நான் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தேன், மூன்று முறை.